பிக்கப் வண்டியில் இருவழி ரேடியோ: வயரிங் முதல் சாப்ட்வேர் வரை

கம்ப்யூட்டர் இதழில் வண்டி வயரிங் எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். இன்றைய இருவழி ரேடியோ ஏறத்தாழ ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதற்கும் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். மெமரி உண்டு. யு.எஸ்.பி. கேபிள் வழியாக நம் பெர்சனல் கம்ப்யூட்டருடன் இணைத்து அதன் அமைப்புகளை மாற்றலாம். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் சந்திக்கும் பிரச்னைகளான டிரைவர், காம் போர்ட், பேக்அப், திடீர் ரீஸ்டார்ட் எல்லாமே இதிலும் வரும். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றொன்றும் எளிதாகப் புரியும்.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள கீழ்புத்துப்பட்டில் ஒரு நண்பரின் பிக்கப் வண்டியில் இந்த வேலையைச் செய்தோம். மரக்காணம் உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டை ஏற்றும் வண்டி அது. நண்பரும் நானும் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோ இயக்குநர்கள். அதாவது, எல்லாரும் சொல்வதுபோல் 'ஹாம்'கள். அந்த அனுபவத்தை வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. புயல் நேரத்தில் முதலில் மின்சாரம் நிற்கும். செல்போன் டவர்கள் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அவையும் தீர்ந்துவிட்டால் நம் கையில் உள்ள போன் வெறும் டார்ச் லைட்தான்.

இருவழி ரேடியோவுக்கு நடுவில் டவர் தேவையில்லை. ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு அலை நேராகப் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் தம் குழுவினருடன் ரேடியோ ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில், அவர்களுடைய செட் வழியாகவே தீவுகளிலிருந்து பல செய்திகள் நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றன.

வண்டியில் பொருத்துவதில் கூடுதல் லாபம் உண்டு. வீட்டில் மின்சாரம் நின்றாலும் வண்டியில் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் என்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். தேவைப்படும் இடத்துக்கே செட்டைக் கொண்டு போகலாம்.

முதலில் உரிமம்

இது வாங்கி மாட்டிவிட்டுப் பேசும் பொருள் அல்ல. அமெச்சூர் செட் வைத்திருக்கவும் இயக்கவும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவு நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்று உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் வானொலி விதிகளும்தான் பாடம். வாகனத்தில் இயக்குவது பற்றி உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி கைக்கருவிகளுக்கு 2018ல் உரிமத்திலிருந்து விலக்கு தரப்பட்டது. அந்த விலக்கு வண்டியில் பொருத்தும் 50 வாட் செட்டுக்குப் பொருந்தாது. ஆன்லைனில் கிடைக்கும் வாக்கி டாக்கி எல்லாம் உரிமம் வேண்டாதவை என்று நம்பிவிட வேண்டாம். அவற்றை விதிமுறைக்கு மாறாக விற்பதைத் தடுக்க 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

இன்னொரு முக்கிய விதி. அமெச்சூர் ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது. நண்பர் முதலில் கேட்டது, "தம்பி, எந்தப் பாத்தியில லோடு ரெடியா இருக்குன்னு இதிலேயே கேட்டுக்கலாமா?" என்றுதான். "கூடாதுண்ணே. அதுக்கு செல்போன்தான்" என்றேன். வியாபாரத்துக்கு ரேடியோ வேண்டுமென்றால் அதற்கான உரிமமே தனி. இந்த செட் பயிற்சிக்கும், பொழுதுபோக்குக்கும், புயல் நாளுக்கும் மட்டுமே.

12 வோல்ட்: எங்கிருந்து எடுப்பது?

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி பேட்டரியும் 12 வோல்ட்தான். என்ஜின் ஓடாதபோது முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதால் 13.8 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பெரும்பாலான செட்கள் இந்த 13.8 வோல்ட்டுக்காகவே தயாரிக்கப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கை. சிறிய பிக்கப் வண்டிகள் 12 வோல்ட். பெரிய லாரிகள் பல 24 வோல்ட். லாரியில் நேரடியாக இணைத்தால் செட் எரிந்துபோகும். இடையில் 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தேவை. வேலைக்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நண்பரின் வண்டியில் ஏற்கெனவே ஒரு கடையில் செட்டைப் பொருத்தித் தந்திருந்தார்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மெல்லிய வயரில் மின்சாரம் எடுத்திருந்தார்கள். கேட்கும்போது செட் நன்றாக வேலை செய்தது. பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் டிஸ்பிளே அணைந்து மறுபடி எரிந்தது. செட் பழுது என்றே அவர் நினைத்திருந்தார்.

சக்தி போதாத எஸ்.எம்.பி.எஸ். உள்ள கம்ப்யூட்டரில் பெரிய கேம் ஒன்றைத் திறந்தவுடன் அது தானாக ரீஸ்டார்ட் ஆகும் அல்லவா? அதே கதைதான் இது. மல்டிமீட்டரில் பார்த்தபோது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பட்டனை அழுத்தியதும் செட்டின் முனையில் 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. இடையில் காணாமல் போன வோல்ட் எல்லாம் வயரிலும் சாக்கெட்டிலும் வெப்பமாகிப் போனது.

பள்ளியில் படித்த ஓம் விதியை இங்கே பயன்படுத்தலாம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். 50 வாட் செட் பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரியிலிருந்து செட்டுக்கு 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர் வயர்.

1 சதுர மி.மீ. செம்பு வயர்: இழப்பு சுமார் 1.1 வோல்ட்
2.5 சதுர மி.மீ.: சுமார் 0.45 வோல்ட்
4 சதுர மி.மீ.: சுமார் 0.3 வோல்ட்

நாங்கள் 4 சதுர மி.மீ. வயரைத் தேர்ந்தெடுத்தோம். மீட்டருக்குச் சில ரூபாய்தான் கூடுதல். ஆனால் பழைய 'பழுது' இந்த வயரோடு போய்விட்டது. செட்டைப் பிரிக்கவே இல்லை.

வயரிங் செய்யும் முறை

1. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளிலும் பட்டால் தீப்பொறி பறக்கும்.

2. பாசிட்டிவ் வயரைப் பேட்டரியிலிருந்தே எடுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பலர் பியூஸை செட்டின் பக்கத்தில் மட்டும் வைக்கிறார்கள். இது தவறு. பியூஸ் செட்டைவிட வயரைத்தான் முக்கியமாகக் காக்கிறது. நடுவழியில் வயர் உரசித் தகட்டில் பட்டால், பேட்டரி பக்கம் பியூஸ் இல்லாத வயர் அடுப்புக் கம்பிபோல் பழுத்துவிடும். வண்டியே தீப்பற்றலாம்.

3. நெகட்டிவ் வயரை, பேட்டரியின் எர்த் பட்டை வண்டியின் உடலில் சேரும் போல்ட்டில் இணைத்தோம். நேராகப் பேட்டரி நெகட்டிவில் இணைத்தால், எர்த் பட்டை என்றாவது அறுந்துபோகும்போது ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் செட்டின் வழியாகப் பாதை தேடும். புதிய வண்டிகளில் நெகட்டிவ் முனையில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் இருக்கலாம். அதைத் தாண்டி இணைத்தால் அதன் கணக்கும் குழம்பும்.

4. என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டின் வழியாக வயரை நுழைக்கும்போது ரப்பர் புஷ் கட்டாயம். தகட்டின் விளிம்பு கத்திபோல வயரை அறுக்கும். என்ஜின் பக்கம் முழுவதும் வயரை நெளிகுழாய்க்குள் விடுங்கள். சைலன்சர், பேன் பெல்ட் பக்கம் போக விட வேண்டாம்.

5. முனைகளில் லக் வைத்து அழுத்தி, சுருங்கும் சிலீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது படிக்கு இந்த ஊரில் தனி முக்கியத்துவம் உண்டு. கீழ்புத்துப்பட்டில் கடல் காற்று. வண்டி போகும் இடமோ உப்பளம். மூட்டையிலிருந்து உதிரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். திறந்து கிடக்கும் செம்பில் சில வாரங்களிலேயே பச்சைக் களிம்பு ஏறிவிடும். களிம்பு ஏறிய இணைப்பில் மின்தடை கூடும். மறுபடி அதே ரீஸ்டார்ட் பிரச்னைதான். எனவே இணைத்து முடித்த ஒவ்வொரு போல்ட்டின் மீதும் வாசலின் தடவினோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மீண்டும் தடவ வேண்டும். கம்ப்யூட்டரில் தூசு தட்டுவதுபோல் இதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செட்டை எங்கே வைப்பது?

மூன்றைப் பாருங்கள். ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது. கியர் போடும் கைக்கு இடிக்கக் கூடாது. செட்டின் பின்புறம் உள்ள அலுமினிய விசிறிக்கு, அதாவது வெப்பம் வெளியேறும் பகுதிக்கு, காற்று வர வேண்டும். நாங்கள் டேஷ்போர்டின் அடியில், இரும்புச் சட்டத்தில் பிராக்கெட் வைத்து போல்ட் போட்டோம். பிளாஸ்டிக்கில் ஸ்குரூ போட்டால் இரண்டு ஸ்பீட் பிரேக்கரில் கையோடு வந்துவிடும். ஓட்டும்போது மைக்கைத் தொட வேண்டாம். ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

ஆண்டெனா: பாதி வேலை இதுதான்

நல்ல பிரிண்டர் வாங்கி மட்டமான காகிதம் போட்டால் எப்படியோ, அப்படித்தான் நல்ல செட்டும் மோசமான ஆண்டெனாவும். இந்தியாவில் ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுப்புள்ளி 145. இதற்கான ஆண்டெனாவின் நீளத்தை நாமே கணக்கிடலாம். 300ஐ 145ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 செ.மீ. கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்வதால் 5 சதவீதம் குறைக்க, சுமார் 49 செ.மீ. வரும்.

கால் அலை ஆண்டெனாவுக்கு அடியில் இரும்புத் தகடு வேண்டும். அந்தத் தகடுதான் ஆண்டெனாவின் மறுபாதிபோல் வேலை செய்கிறது. எனவே கேபின் கூரையின் நடுவே பொருத்துவதே சிறந்தது. நண்பர் தயங்கினார். "கூரையில ஓட்டை போட்டா ஒரே மழையில துரு பிடிச்சிடாதா தம்பி?" நியாயமான கேள்விதான். காந்தத்தில் ஒட்டும் ஆண்டெனா இருக்கிறது. ஓட்டை வேண்டாம். ஆனால் உப்பளத்தில் காந்தத்தின் அடியில் மணலும் உப்புநீரும் சேர்ந்து பெயின்டைச் சுரண்டும். துரு கண்ணுக்குத் தெரியாமல் வட்டமாகப் பரவும். ஒழுங்காகப் போட்ட ஓட்டையில் துரு வருவது குறைவு.

19 மி.மீ. ஓட்டை போட்டு, இரும்புத் தூளைத் துடைத்து, ஓட்டையின் விளிம்பில் துரு தடுக்கும் பிரைமர் இரண்டு முறை பூசினோம். ஆண்டெனாவின் எர்த் தகட்டில் படும் உட்புற வளையத்தை மட்டும் பெயின்ட் இல்லாமல் விட்டு, அதில் வாசலின் தடவினோம். மேலே ரப்பர் வளையம். பிறகு கூரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே சொட்டவில்லை என்று பார்த்த பின்னரே உள்கூரையை மூடினோம்.

கேபிள் 50 ஓம் கோ-ஆக்சியல் ஆக இருக்க வேண்டும். கேபிள் டி.வி. வயர் 75 ஓம். அது மலிவாகக் கிடைக்கிறதே என்று போட வேண்டாம். சாதாரண மெல்லிய 50 ஓம் கேபிளில் 5 மீட்டருக்கு சுமார் 1 டெசிபல் இழப்பு. அதாவது 50 வாட்டில் 40 வாட்தான் ஆண்டெனாவைச் சேரும். எனவே தேவைக்கு மேல் கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். பார்ப்பது

செட் அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வரலாம். எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். 1.5க்குள் இருந்தால் நல்லது. 3ஐ எட்டினால் பேசுவதை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். இல்லையேல் செட்டின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விடும்.

கம்பியைக் கணக்கைவிடச் சற்று நீளமாகவே, 52 செ.மீ. வைத்தோம். வெட்டியதை ஒட்ட முடியாது அல்லவா? குறைந்த சக்தியில் 144லும் 146லும் அளந்தோம். 144ல் குறைவாகவும் 146ல் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம் என்று பொருள். 5 மி.மீ. வெட்டினால் சரியான புள்ளி சுமார் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். சிறிது சிறிதாக வெட்டி, 145ல் 1.2க்குக் கொண்டு வந்தோம்.

இனி கம்ப்யூட்டர் வேலை

செட்டில் அலைவரிசைகளை பட்டன் மூலமும் பதியலாம். நூறு சேனல்கள் என்றால் விரல் வலிக்கும். சர்ப் என்ற இலவச சாப்ட்வேர் இதற்கு உதவும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். உங்கள் மாடல் அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

1. செட்டுக்கான யு.எஸ்.பி. புரோகிராமிங் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். டிரைவரை இன்ஸ்டால் செய்திடுங்கள்.

2. டிவைஸ் மானேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' பிரிவில் கேபிளுக்கு எந்த காம் எண் கிடைத்துள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால், கேபிளில் உள்ள சிப் போலியாக இருந்து, புதிய டிரைவர் அதை ஏற்க மறுத்திருக்கலாம். நல்ல கேபிளாக மாற்றுவதே நிரந்தரத் தீர்வு.

3. சாப்ட்வேரில் 'ரேடியோ' மெனு சென்று, 'டவுன்லோட் பிரம் ரேடியோ' தேர்ந்தெடுங்கள். காம் எண்ணையும் மாடலையும் கொடுங்கள். செட்டில் உள்ள அனைத்தும் ஓர் அட்டவணையாகத் திரையில் வரும்.

4. எதையும் மாற்றும் முன் அந்தப் பைலை சேவ் செய்து, இன்னொரு பிரதியை வேறு டிரைவில் வையுங்கள். எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி.

5. எக்செல்லில் செய்வதுபோல் அலைவரிசை, பெயர், டோன் ஆகியவற்றை நிரப்புங்கள். ரிப்பீட்டர் என்றால் அனுப்பும் அலைவரிசை பெறுவதிலிருந்து விலகியிருக்கும். இந்த அலைவரிசைப் பகுதியில் வழக்கமான விலகல் 600 கிலோஹெர்ட்ஸ். உங்கள் பகுதி ஹாம்களிடம் சரியான விவரத்தைக் கேட்டு நிரப்புங்கள்.

6. 'அப்லோட் டு ரேடியோ' கொடுங்கள். முடியும்வரை கேபிளை அசைக்க வேண்டாம்.

லேப்டாப்பை வண்டியில் இன்வெர்ட்டர் மூலம் சார்ஜ் செய்யும்போது செட்டில் 'உஸ்' என்று இரைச்சல் வரலாம். மானிட்டர் கேபிளில் ஓர் உருண்டை போன்ற தடிப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது பெரைட். அத்தகைய கிளிப் ஒன்றைச் சார்ஜர் வயரில் மாட்டினால் இரைச்சல் குறையும். அதுவும் போதவில்லை என்றால் பேசும் நேரத்துக்குச் சார்ஜரைக் கழற்றிவிடலாம்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவுதான் எல்லை. ஆண்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். வண்டி ஆண்டெனா 2.25 மீட்டர் உயரம் என்றால் 6 கி.மீ.யை ஒட்டி. வீட்டு மாடியில் 12 மீட்டர் உயரத்தில் இன்னொன்று இருந்தால் அதற்கு 14 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 20 கி.மீ. இது கணக்கு. மரங்களும் கட்டடங்களும் இதைக் குறைக்கும்.

ஊரில் ஒரு ஹாம் மாடியிலிருந்து பேச, நாங்கள் வண்டியில் வடக்கே சென்றோம். மரக்காணம் உப்பளங்களில் தடுப்பு ஏதுமில்லாததால் குரல் தெளிவாகவே கேட்டது. சவுக்குத் தோப்புகளின் நடுவே மட்டும் சற்றுக் கரகரத்தது. தெற்கே புதுச்சேரி நகரக் கட்டடங்களுக்குள் நுழைந்ததும் சீக்கிரமே மங்கியது. எந்த இடத்தில் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒரு எக்செல் பைலில் குறித்து, பிரிண்ட் எடுத்து டேஷ்போர்டில் வைத்துள்ளோம். புயல் இரவில் கம்ப்யூட்டர் ஓடாது. காகிதம் இருக்கும்.

புயல் நாளுக்கான கணக்கு

கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் செட்டுக்கு அரை ஆம்பியர் போதும். 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. முழு சக்தியில் மொத்தம் ஒரு மணி நேரம் பேசினால் இன்னும் 10. ஆக 22. பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால், பாதிக்கு மேல் எடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எனவே குறைந்த சக்தியில் பேசுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை என்ஜினைத் திறந்த வெளியில் ஓட்டுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். வண்டியை முன்கூட்டியே மேட்டில் நிறுத்துங்கள். இடி இடிக்கும்போது ஆண்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பேசும்போது யாரும் ஆண்டெனாவின் அருகில் நிற்கவோ அதைத் தொடவோ கூடாது. பின்னால் மூட்டை மேல் ஆள் உட்கார்ந்திருந்தால் இறங்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடமாவது பேசிப் பாருங்கள். பேக்அப் எடுத்த சி.டி.யைத் திறந்து பார்க்காமலே வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அது திறக்கிறதா இல்லையா என்று தெரியாது. ரேடியோவும் அப்படித்தான். உரிமத் தேர்வுக்கு இன்றே படிக்கத் தொடங்குங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் உங்கள் ஊரிலும் ஒரு வண்டி தயாராக இருக்கும்.